ஃபில்டரில் கை வைக்கும் முன் பம்பை அணையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு படகுகளின் எஞ்சின் பராமரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஆயிலை எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எந்தத் தர ஆயிலை ஊற்ற வேண்டும் என்பதையெல்லாம் பொறுமையாக விளக்கிய கட்டுரையாளர், ஆயில் ஃபில்டர் என்று வந்தபோது மட்டும், பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை ரெஞ்சால் நன்றாக இறுக்க வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். படகு எஞ்சின்களோடு பல ஆண்டுகளாகப் பழகி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வரியின் முதல் பாதியைச் செய்யும்போதுதான் எஞ்சின் அறை எண்ணெய்க் காடாகிறது, இரண்டாம் பாதியோ பிழையானது. இரண்டையும் சற்று விரிவாக எழுத இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காருக்கு ஃபில்டர் மாற்றுபவர் அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறார். தட்டுக்கு வெளியே சிந்தினாலும் அது தரையோடு நின்றுவிடும். படகில் அப்படி ஒரு தரை இல்லை. எஞ்சின் ஒரு குறுகிய பெட்டிக்குள், கை நுழைவதே சிரமமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே, பில்ஜ் என்று நாம் சொல்லும் படகின் அடிக்குழி இருக்கிறது. அந்தக் குழியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். தண்ணீர் மட்டம் உயர்ந்தால் மிதவை ஸ்விட்ச் தானாகவே பம்பை இயக்கி, குழியில் இருப்பதையெல்லாம் வெளியே தள்ளிவிடும். தண்ணீரையும் எண்ணெயையும் பிரித்துப் பார்க்கும் அறிவு அந்த ஸ்விட்சுக்குக் கிடையாது. நான் முதன்முதலாகத் தனியாக ஃபில்டர் மாற்றிய நாளில், கீழே விழுந்ததைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிக் கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் ஸ்விட்ச் தன் கடமையைச் செய்து முடித்திருந்தது. படகைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு படலம் பரவிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, ரெஞ்சைக் கையில் எடுப்பதற்கு முன் பில்ஜ் பம்பின் தானியங்கி ஸ்விட்சை அணைப்பதும், அணைத்திருப்பதை நினைவூட்ட ஸ்டார்ட்டிங் சாவியில் ஒரு துணியைக் கட்டிவைப்பதும் எனக்கு வழக்கமாகிவிட்டன. பம்பை மீண்டும் இயக்க மறந்தால் படகே மூழ்கக்கூடும் என்பதால் அந்தத் துணி அவசியம்.

ஒரு ஃபில்டரில் அப்படி எவ்வளவு எண்ணெய் இருந்துவிடப் போகிறது என்று சிலர் கேட்கக்கூடும். சிறிய டீசல் எஞ்சின் ஒன்றின் ஃபில்டரில் கால் லிட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கடலில் எண்ணெய்ப் படலத்தை வானிலிருந்து கண்டு அளவிடுவதற்கு வடகடல் நாடுகளின் பான் உடன்படிக்கை வகுத்துள்ள அளவுகோலின்படி, வெள்ளி நிறத்தில் மினுங்கும் மிக மெல்லிய படலத்தின் தடிமன் 0.04 முதல் 0.3 மைக்ரோமீட்டர் வரை. அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. இந்தக் கணக்கில் கால் லிட்டர் எண்ணெய் குறைந்தது 800 சதுர மீட்டருக்கும், மிக மெல்லியதாகப் பரவினால் 6,000 சதுர மீட்டருக்கும் மேலான நீர்ப்பரப்பை மூடப் போதுமானது. பின்னது ஏறத்தாழ ஒரு கால்பந்து மைதானம். ஒரே துறையில் இருபது படகுகள் இருந்து, இருபது பேரும் “கொஞ்சம்தானே” என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பெரிய கப்பல்களுக்கு இதற்கென்றே சட்டமும் கருவியும் உண்டு. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் முதலாம் இணைப்பு 1983-இல் நடைமுறைக்கு வந்தது. 400 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள், எஞ்சின் அறையின் அடிநீரை வெளியேற்றும்போது அதில் எண்ணெயின் அளவு பத்து லட்சத்தில் 15 பங்கைத் தாண்டாதபடி வடிகட்டும் கருவியை வைத்திருக்க வேண்டும் என்கிறது. நம்முடைய சிறு படகுகளில் அப்படி ஒரு கருவியைப் பொருத்த இடமும் இல்லை, வழக்கமும் இல்லை. ஃபில்டரைக் கழற்றுகிறவரின் கைப்பழக்கம் ஒன்றே இங்கே தடுப்பு.

இனி வேலைக்கு வருகிறேன். எஞ்சினை நிறுத்தி மணிக்கணக்கான பின்பும் ஃபில்டரில் எண்ணெய் நிறைந்தே இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கிறது. அது கோளாறு அன்று. எஞ்சின் நின்றதும் எண்ணெய் முழுவதும் கீழே இறங்கிவிட்டால், அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது ஃபில்டர் மீண்டும் நிரம்பும் வரை பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேராது. அதைத் தடுப்பதற்காகவே பெரும்பாலான ஃபில்டர்களின் வாய்ப்பகுதியில், எண்ணெய் பின்னோக்கி ஓடாதபடி மூடிக்கொள்ளும் ஒரு ரப்பர் வால்வு வைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினைக் காக்கும் அதே வால்வுதான், ஃபில்டரைக் கழற்றும் நாளில் நம் கையில் ஒரு நிறைகுடத்தைக் கொடுக்கிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் குடம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே.

ஃபில்டரின் மூடிய அடிப்பகுதி கீழே பார்த்தபடி செங்குத்தாகத் தொங்கினால் நீங்கள் கொடுத்து வைத்தவர். எண்ணெய் ஒரு கிண்ணத்தில் இருப்பதுபோல் அதற்குள்ளேயே இருக்கும். மரை முழுவதும் விடுபடும் வரை சாய்க்காமல் சுழற்றி, அப்படியே நேராகக் கீழிறக்கினால் போதும். மேலே எஞ்சினில் ஃபில்டர் பொருந்தும் இடமான இருக்கையிலிருந்து சில நிமிடங்களுக்குச் சொட்டுவதை ஏந்த ஒரு சிறிய டப்பா இருந்தால் வேலை முடிந்தது.

சிக்கல் அதிகம் வருவது, ஃபில்டர் பக்கவாட்டில் படுத்திருக்கும்போதுதான். அங்கே ஃபில்டரின் வாயைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான கேஸ்கெட்டின் பிடி விட்ட கணமே அதன் அடிவிளிம்பு வழியாக எண்ணெய் கசிந்து, எஞ்சினின் உடலோடு ஒட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கும். காற்றில் நேராக விழும் எண்ணெயை டப்பா பிடித்துவிடும். இரும்பைப் பற்றிக்கொண்டு இறங்கும் எண்ணெயை எந்த டப்பாவாலும் பிடிக்க முடியாது. அது ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேலும், ஒயர்களின் மேலும், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளின் மேலும் போய் இறங்குகிறது. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பி இளகிவிடும் என்பதால், இது வெறும் அழுக்குப் பிரச்சினையும் அன்று. இதற்கு நான் கண்ட நல்ல வழி, தடித்த அலுமினியத் தாளை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, ஃபில்டரின் கழுத்துக்குக் கீழே எஞ்சினின் உடலோடு விரலால் அழுத்திப் படியவைத்து, ஒரு சிறிய ஓடைபோல வெளிப்பக்கமாக வளைத்துவிடுவது. இரும்போடு ஒட்டி இறங்கும் எண்ணெய் அந்த ஓடையில் ஏறி டப்பாவுக்கு வந்துவிடும். தாள் கிடைக்காவிட்டால், பிளாஸ்டிக் புட்டியைக் குறுக்காக வெட்டி, வெட்டிய விளிம்பு எஞ்சினின் வளைவோடு பொருந்துமாறு செதுக்கிக்கொள்ளலாம்.

அதற்கு மேல் ஒரு பை. தடித்த பிளாஸ்டிக் பையின் அடியில் எண்ணெய் உறிஞ்சும் துண்டு ஒன்றைப் போட்டு, ஃபில்டர் முழுவதும் உள்ளே போகும்படி கழுத்து வரை இழுத்துவிட வேண்டும். இதில் வரிசை முக்கியம். முதலில் ரெஞ்சால் ஃபில்டரைக் கையால் சுழற்றக்கூடிய அளவுக்கு மட்டும், அதாவது கேஸ்கெட் பிடியை விட்டும் விடாமலும் இருக்கும் நிலை வரை, இளக்கிக்கொண்டு, அதன் பிறகே பையை மாட்ட வேண்டும். பையை மாட்டிய பின் ரெஞ்சைப் போட்டால் பை கிழிந்துவிடும். பைக்கு வெளியே இருந்தபடியே கையால் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி, எண்ணெய் மெதுவாக இறங்கிப் பையில் சேரக் காத்திருந்து, மரை விட்டதும் ஃபில்டரின் வாய் மேலே வருமாறு நிமிர்த்திப் பையின் வாயை முறுக்கிக்கொண்டால், கையில் ஒரு சொட்டுகூடப் படாமல் வெளியே எடுத்துவிடலாம். அவசரப்படுகிறவர்களுக்கு இது ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மெல்லிய காய்கறிப் பை சூடான எண்ணெயில் இளகி ஓட்டையாகிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஃபில்டர் தலைகீழாக, அதாவது மூடிய பகுதி மேலே பார்த்தபடி இருந்தால் கதை வேறு. கழற்றிய கணமே உள்ளிருப்பது அனைத்தும் சுற்றிலும் கொட்டிவிடும். இத்தகைய ஃபில்டரின் உச்சியில் ஆணியால் ஒரு சிறு துளையிட்டுக் கால் மணி நேரம் விட்டுவிட்டால், காற்று உள்ளே புகுந்து, எண்ணெயின் பெரும் பகுதி வடிதாள் வழியாக நடுக்குழாய்க்கு வந்து எஞ்சினுக்குள்ளேயே இறங்கிவிடும். நல்ல உத்திதான், ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. துளையிட்ட பின் ஃபில்டர் கழல மறுத்தால், எஞ்சினை இயக்கவே முடியாத படகோடு நிற்க நேரிடும். எனவே முதலில் ரெஞ்சால் இளக்கிப் பார்த்து, கழலும் என்பது உறுதியான பின் மீண்டும் கையால் மெல்ல இறுக்கிவிட்டு, அதற்குப் பிறகே ஆணியை எடுக்க வேண்டும்.

கழலாத ஃபில்டரின் வயிற்றில் நீண்ட திருப்புளியைக் குத்தி அதையே கைப்பிடியாக்கித் திருகுவதும் நம்மிடையே உள்ள பழக்கம். மெல்லிய தகடு துணிபோலக் கிழிந்து, எண்ணெய் எல்லாப் பக்கமும் கொட்டி, கழுத்துப் பகுதி மட்டும் எஞ்சினிலேயே மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்கள் மறுமுறை அதைச் செய்ய மாட்டார்கள். பெல்ட் ரெஞ்சும், ஃபில்டரின் தலையில் தொப்பிபோலப் பொருந்தும் கப் ரெஞ்சும் இருக்க அந்தச் சாகசம் தேவையில்லை. எண்ணெய்ப் பிசுக்கில் பெல்ட் வழுக்கினால், இடையில் ஒரு துண்டு உப்புத்தாளை வைத்துக்கொள்ளலாம்.

படகின் பின்பக்கத்தில் வெளியே மாட்டும் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: எஞ்சினையே சாய்க்கலாம். ஃபில்டர் மேல்பக்கமாக வருமாறு எஞ்சினைத் தூக்கிச் சாய்த்துச் சிறிது நேரம் விட்டுவிட்டால், அதிலுள்ள எண்ணெயில் ஒரு பகுதி தானே இறங்கிவிடும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் எண்ணெய் எரிபொருளோடு சேர்ந்து எரிந்துவிடுவதால் இந்தத் தொல்லையே கிடையாது. அவற்றின் தொல்லை வேறு வகை.

ஆயிலை எப்போது வெளியே எடுப்பது என்பதும் சிந்துவதோடு தொடர்புடையதே. எண்ணெயை வடிக்கும் அடிப்போல்ட்டைப் படகு எஞ்சினில் பெரும்பாலும் எட்ட முடியாது. எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டுக் கைப்பம்பால் உறிஞ்சி எடுப்பதே வழக்கம். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கினால் எண்ணெய் நெகிழ்ந்து எளிதாக ஏறும். அடியில் படிந்திருந்த கரியும் கலங்கிச் சேர்ந்து வந்துவிடும். ஆனால் ஓடி நின்றவுடன் எண்ணெய் கையைச் சுட்டுப் பொசுக்கும் சூட்டில் இருக்கும் என்பதால், எஞ்சினைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட வேண்டும். தலைகீழ் ஃபில்டராக இருந்தால், ஆணியடித்து எண்ணெயைக் கீழே இறக்கிய பிறகே கைப்பம்பைப் போட வேண்டும். முதலில் உறிஞ்சிவிட்டுப் பிறகு ஃபில்டரை இளக்குகிறவர், பழைய எண்ணெயைப் புதிய எண்ணெயோடு கலக்க வழிசெய்கிறார். வெளியே வந்த எண்ணெயை அளந்து, கையேட்டில் உள்ள கொள்ளளவோடு ஒப்பிடுவது நல்லது. குறைவது எங்கே போயிற்று என்பதற்கு ஒவ்வொரு முறையும் பதில் இருக்க வேண்டும்.

உறிஞ்சும் பொருள்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான டயப்பரை எஞ்சினுக்கு அடியில் விரிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. டயப்பரின் பலம் அதிலுள்ள ஜெல் துகள்களில் இருக்கிறது. அவை தண்ணீரைக் குடிக்குமே தவிர எண்ணெயைத் தொடாது. பஞ்சுப் பகுதி ஓரளவு எண்ணெயை ஏந்தும் என்றாலும், பில்ஜில் தண்ணீர் இருந்தால் டயப்பர் அதைக் குடித்துப் பருத்துவிட்டு எண்ணெயை மிதக்கவிடும். பாலிப்ரொப்பிலீன் இழையால் ஆன எண்ணெய் உறிஞ்சு விரிப்புகள் இதற்கு நேர்மாறானவை: தண்ணீரை ஒதுக்கி, எண்ணெயை மட்டும் பிடித்துக்கொள்கின்றன. வேலையைத் தொடங்கும் முன் ஃபில்டருக்கு நேர் கீழே ஒன்றும், பில்ஜில் ஒன்றும் விரித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அதைவிட மோசமான பழக்கம், பில்ஜில் விழுந்த எண்ணெயின் மேல் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரை ஊற்றிப் பம்பைப் போட்டுவிடுவது. படலம் கண்ணுக்குத் தெரியாமல் போவது உண்மை. எண்ணெய் போய்விடவில்லை, மிதந்துகொண்டிருந்தது நுண்துளிகளாக உடைந்து நீரோடு கலந்துவிட்டது, அவ்வளவுதான். மிதக்கும் எண்ணெயை விரிப்பால் ஒற்றி எடுக்கலாம். கலந்ததை எடுக்கவே முடியாது.

பழைய ஃபில்டரைக் கழற்றியதும் பெருமூச்சு விட்டுப் புதியதை மாட்டிவிடுகிறோமே, அங்கேதான் இன்னும் பெரிய அபாயம் காத்திருக்கிறது. பழைய கேஸ்கெட் சில நேரம் ஃபில்டரோடு வராமல் எஞ்சினின் இருக்கையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கறுத்த இரும்பில் கறுத்த ரப்பர். மங்கிய வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. அதன் மேல் புதிய ஃபில்டரை மாட்டினால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கேஸ்கெட்டுகள் உட்காரும். எஞ்சின் ஓடத் தொடங்கி அழுத்தம் மூன்று நான்கு பார் அளவுக்கு ஏறும்போது அவற்றில் ஒன்று பிதுங்கும். சில நிமிடங்களில் எஞ்சினின் எண்ணெய் முழுவதும் பில்ஜில் இருக்கும், எஞ்சின் எண்ணெயின்றி ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே கழற்றிய ஃபில்டரின் வாயைத் திருப்பிப் பார்த்து, கேஸ்கெட் அதோடு வந்திருக்கிறதா என்று விரலால் தடவி உறுதிசெய்ய வேண்டும். இருக்கையை நூல் பிரியாத துணியால் துடைத்து, கைக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்ப்பது மிகையன்று.

இப்போது கட்டுரையின் அந்த இரண்டாம் பாதி. புதிய ஃபில்டரை ரெஞ்சால் இறுக்கக் கூடாது. கேஸ்கெட்டில் புதிய ஆயிலை மெல்லியதாகத் தடவி, கையால் சுழற்றி, கேஸ்கெட் இருக்கையைத் தொட்ட இடத்தில் ஃபில்டரின் மேல் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அதற்கு மேல் ஃபில்டரிலேயே அச்சிட்டிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் முக்கால் சுற்று, கையால் திருகினால் போதும். கசிவை அடைப்பது கேஸ்கெட்டின் நெகிழ்ச்சிதானே தவிர நம் தோள்வலிமை அன்று. ரெஞ்சால் நசுக்கப்பட்ட கேஸ்கெட், எஞ்சினின் சூட்டில் மாதக்கணக்கில் வெந்து இருக்கையோடு ஒட்டிப்போகும், அடுத்த முறை கழற்ற வருகிறவர் திருப்புளியைத் தேடுவார், தகடு கிழியும், எண்ணெய் கொட்டும். ஆக, அடுத்த ஆண்டு சிந்தப்போகும் எண்ணெய் இந்த ஆண்டு இறுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. தங்கள் கட்டுரையாளர் எழுதியபடி செய்தவர்கள் இதைப் பின்னர் அனுபவத்தில் அறிவார்கள் என்பதே என் வருத்தம்.

செங்குத்தாகத் தொங்கும் ஃபில்டரை மாட்டும் முன் அதில் புதிய ஆயிலை ஊற்றி நிரப்புவது நல்லது. ஊற்றும்போது நடுத்துளையில் ஊற்றாமல் சுற்றிலும் உள்ள சிறு துளைகளில் ஊற்றினால், அந்த ஆயிலும் வடிகட்டப்பட்டே எஞ்சினுக்குள் போகும். படுத்திருக்கும் ஃபில்டரில் இந்த ஆசையை விட்டுவிடுவதே மேல்.

எல்லாம் மாட்டி ஆயில் ஊற்றிய பின், குளிர்விக்கும் கடல்நீர் வால்வைத் திறந்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆயில் அழுத்த விளக்கு அணைவதைப் பார்த்துக்கொண்டு, ஃபில்டருக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும். தாளில் புள்ளி விழுந்தால் உடனே நிறுத்தலாம். விழாவிட்டால் நிறுத்தி, எண்ணெய் இறங்கக் காத்திருந்து, டிப்ஸ்டிக்கில் பார்த்துக் குறைவதை ஊற்றலாம். ஃபில்டர் நிரம்பியிருக்கும் என்பதால் மட்டம் சற்றுக் குறைந்தே காட்டும். பில்ஜைக் கண்ணால் பார்த்து, எண்ணெய் இருந்தால் விரிப்பால் ஒற்றி எடுத்த பிறகே சாவியிலுள்ள துணியை அவிழ்த்துப் பம்பின் தானியங்கி ஸ்விட்சைப் போட வேண்டும்.

பழைய ஃபில்டர் காலியாகத் தோன்றினாலும் அதன் வடிதாள் எண்ணெயில் ஊறியே இருக்கும். ஒரு நாள் வாய் கீழே இருக்குமாறு டப்பாவின் மேல் கவிழ்த்துவைத்து வடியவிட்டு, வடிந்ததையும் பழைய ஆயிலோடு சேர்த்துக் கழிவெண்ணெய் வாங்குமிடத்தில் ஒப்படைக்க வேண்டும். பயன்படுத்திய எஞ்சின் ஆயிலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்கள் சேர்ந்திருப்பதால், வெறுங்கையோடு இந்த வேலையைச் செய்வதும், முடிந்தபின் பெட்ரோலில் கை கழுவுவதும் கூடாது. நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

பெரும்பாலான சிறு டீசல் எஞ்சின்களுக்கு இந்த வேலை ஆண்டுக்கு ஒருமுறையாவது வருகிறது. எனவே அடுத்த முறை தாங்கள் இத்தகைய கட்டுரையை வெளியிடும்போது, ரெஞ்சால் இறுக்கச் சொல்லும் வரியை நீக்கிவிட்டு, அதற்கும் முன்னால், “பில்ஜ் பம்பின் தானியங்கி ஸ்விட்சை அணைக்கவும்” என்ற வரியை முதல் வரியாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்களுள் ஒருவன்